சம்மந்தியை நான் ஜெயித்த விதம்

என்னிடம் நான்கு அறுப்பு மிஷின்கள் இருக்கின்றன. நான்கும் பெல்ட் வண்டி. முழங்கால் சேற்றிலும் இறங்கி நெல்லை அறுத்துக் கொடுத்துவிட்டு வரும். ஒரத்தநாட்டைச் சுற்றி எந்த ஊரில் மழைக்குப் பயிர் சாய்ந்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், டிராக்டர் பட்டறையில் கிரீஸ் துடைத்தவன், இன்றைக்கு மாடி வீட்டில் இருக்கிறேன். யாரிடம் பேச ஆரம்பித்தாலும் இதை முதலில் சொல்லிவிடுவது என் பழக்கம். இங்கேயும் சொல்லியாகிவிட்டது. இனி சொல்ல வேண்டியது அவ்வளவு லேசாக வருவதில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன்.

என் சம்மந்தியைப் பற்றியது. அதாவது என் மருமகளின் அப்பா. குடவாசலில் முப்பத்தைந்து வருடம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி இறந்துபோய்ப் பல வருடம் ஆகிறது. அந்தப் பிள்ளைகளின் சத்தம்தான் அவர் வீட்டில் சத்தம்.

ஒரு கார்த்திகை மழையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை சரியாகத் தூக்க வரவில்லை. அதைவிட, வார்த்தை நின்று நின்று வந்தது. டம்ளர் என்று சொல்ல நினைப்பார்; டம்ளரைப் பார்ப்பார்; வாய் திறக்கும்; எதுவும் வராது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள் மருமகள். அவள் கால்நடை மருத்துவர். என் மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். அவளுக்கு அப்பாவை விட்டால் வேறு யாரும் இல்லை. நானும் சந்தோஷமாகத்தான் கீழ் அறையைக் கொடுத்தேன்.

ஆனால் அவருக்கு அது பெரிய கஷ்டம். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைத்துவிட்டு அன்றைக்கே கிளம்புவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. அங்கே போய் மாதக்கணக்கில் இருப்பதென்றால் அவர் மாதிரி மனிதருக்கு உடம்பெல்லாம் கூசும். நான் வீட்டுக்குள் நுழைந்தால் கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்பார். "உக்காருங்க சம்மந்தி, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க" என்று நான் சொல்வேன். சொல்வேனே தவிர, அவர் எழுந்து நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. படித்த மனிதர் எனக்காக எழுந்து நிற்கிறார் அல்லவா?

தஞ்சாவூர் டாக்டரிடம் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மருமகள் வந்து சொன்னாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மறுபடி டியூஷன் எடுக்க முடியுமா என்று கேட்டாராம். அதைக் கேட்டு முடிக்கவே இரண்டு நிமிடம் ஆனதாம். டாக்டர், "கை தேறிடும். வார்த்தையைத்தான் தேடித் தேடி எடுக்கணும். தினமும் வார்த்தை விளையாட்டு விளையாடுங்க. தயாராயிட்டீங்களா இல்லையான்னு உங்களுக்கே தெரிஞ்சுரும்" என்றாராம்.

அப்படித்தான் அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்தது. கட்டம் கட்டமாக ஒரு பலகை. ஒரு துணிப்பை நிறைய இங்கிலீஷ் எழுத்துகள், சின்னச் சின்ன வில்லைகளாக. கையை விட்டு ஏழு எழுத்தை எடுத்து முன்னால் அடுக்கிக்கொள்ள வேண்டும். அவற்றை வைத்து, பலகையில் ஏற்கெனவே இருக்கிற ஏதாவது ஓர் எழுத்தோடு ஒட்டி, ஒரு வார்த்தை அமைக்க வேண்டும். அடிக்கடி வரும் எழுத்துக்கு ஒரு புள்ளி. க்யூ, இசட் மாதிரி அபூர்வமான எழுத்துக்குப் பத்து.

"என்னம்மா அது, பரமபதமா?" என்றேன்.

"இல்ல மாமா. இங்கிலீஷ் விளையாட்டு. உங்களுக்கு போரடிக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் எனக்கு அது தைத்தது. "எனக்கா? இருபத்தாறு எழுத்தையும் தலைகீழா சொல்லுவேன். நகந்து உக்காருங்க" என்று பாயில் உட்கார்ந்துவிட்டேன்.

இருபத்தாறு எழுத்தும் எனக்குத் தெரியும் என்பது பொய்யில்லை. பெல்ட்டில் பி போட்டிருந்தால் எந்த அளவு, சி போட்டிருந்தால் எந்த அளவு, பேரிங்கின் ஓரத்தில் என்ன பொறித்திருக்கிறது, இப்படிப் பட்டறையில் கற்றுக்கொண்டது. தேய்ந்த பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் பெட்டியைத் திறப்பதற்குள் அதே எழுத்துள்ள புதியதைக் கண்ணால் எடுத்துவிடுவேன். ஆனால் எழுத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. ஒரு வரி இங்கிலீஷை என் முன்னால் நீட்டினால் எனக்கு அது வரிசையாக அடுக்கிவைத்த பேரிங்தான். இது என் மனைவிக்கு மட்டும் தெரியும். மாத்திரை அட்டையை நான் அவளிடம்தான் நீட்டுவேன்.

முதல் நாள் ஆட்டம் நேர்மையான ஆட்டம். டப்பாவிலும் பெட்டியிலும் பார்த்துப் பார்த்து உருவம் மனதில் பதிந்துபோன வார்த்தைகளையே வைத்தேன். ஆயில். கியர். பம்ப். பெல்ட் என்ற வார்த்தையை நான் வைத்தபோது சம்மந்தி இடது கையால் தொடையைத் தட்டினார்.

"ச... சபாஷ் சம்மந்தி. எல்லாம் உங்க... பட்டறைச் சாமான்."

"இருங்க, நாளைக்கு எஞ்சினையே எறக்குறேன்."

அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் சிரிப்பு வந்தது. ஆனால் வயிறு குலுங்கச் சிரித்தார். விழுந்ததிலிருந்து அப்பா இப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாக மருமகள் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் நூறு புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் எழுந்தேன். அடுப்படியில் என் மனைவி, "தோத்துட்டீங்களாமே. இத மட்டும் ஊருல யாருகிட்டயும் சொல்லலையா?" என்றாள்.

வேடிக்கையாகத்தான் கேட்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் எதிலும் தோற்றுப் பழகாதவன். அன்றைக்கு அப்படியே தோற்றுக்கொண்டே விளையாடிப் பழகியிருந்தால், என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக அது ஆகியிருக்கும்.

பட்டுக்கோட்டை சாலையில் எனக்கு ஒரு சின்ன ஆபீஸ் உண்டு. போனை எடுத்து, எந்த வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலைக்கு அங்கே ஒரு பெண் இருக்கிறாள். பி.ஏ. படித்தவள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். மறுநாள் காலையில் அவளிடம் கேட்டேன்.

"ஏம்மா, கையில ஏழு எழுத்து இருக்கு. அதை வெச்சு என்னென்ன இங்கிலீஷ் வார்த்தை வரும்னு போன்ல தேட முடியுமா?"

"முடியும்ங்க ஐயா. எழுத்தப் போட்டா அதுவே அடுக்கிக் குடுத்துரும். க்யூ இருக்கிற வார்த்தை மட்டும் வேணும்னா அது தனியா வரும். இசட்ல முடியறதுன்னா அது தனியா வரும். யாருக்குங்க?"

"மருமககூட ஒரு பந்தயம். ரொம்பப் படிச்ச புள்ள. ஒரு தடவையாவது மண்ணக் கவ்வ வைக்கணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வச்சுருவோம் ஐயா" என்றாள். சம்மந்தியின் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

என் வண்டிகள் அப்போது சம்பா அறுப்பை முடித்துக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போயிருந்தன. டிரைவர்கள் நாள் முழுக்கப் படம் அனுப்புவார்கள். அதனால் மடியில் போனோடு நான் பாயில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. என் எழுத்துகளையும் பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுப்பேன். ஆபீசுக்கு அனுப்புவேன். சம்மந்தி ஒரு வார்த்தை வைக்கப் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் பதில் வந்துவிடும். பெரிய எழுத்தில் வார்த்தையையும் எழுதி, எந்த வரிசையில் வைப்பது என்றும் தமிழில் சொல்லியிருப்பாள். பேரிங் பார்க்கிற கண்ணால் எழுத்துக்கு எழுத்து பார்த்து எடுத்து வைப்பேன்.

இரண்டாம் நாளே ஜெயித்தேன். மூன்றாம் நாள் இன்னும் பெரிதாக ஜெயித்தேன்.

அந்தப் பெண் அனுப்பியதில் எதற்கு அதிகப் புள்ளியோ அதைத்தான் வைப்பேன். க்யூவும் ஐயும் மட்டும் சேர்ந்து ஒரு வார்த்தை. இசட், ஏ, எக்ஸ் என்று மூன்றே எழுத்தில் ஒரு வார்த்தை. சி, டபிள்யூ, எம் என்று இன்னொன்று. அவற்றை எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சம்மந்தி குனிந்து பார்ப்பார். உதடு அசையும்.

"சம்மந்தி... இதுக்கு... அர்த்தம்?"

"என்னங்க சம்மந்தி, முப்பத்தஞ்சு வருஷம் சொல்லிக் குடுத்தவரு. என்கிட்டப் போயிக் கேக்குறீங்களே!"

சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் வாய் கசக்கிறது. அவர் மறுபடி பலகையைப் பார்ப்பார். ஒரு நாள், யாரிடமும் இல்லாமல், தனக்குள் சொல்லிக்கொண்டார்: "தெரிஞ்சுதான்... இருந்திருக்கும். போயிருச்சு போல."

என் காதில் விழுந்தது. விழுந்தும், பையில் கையை விட்டு அடுத்த எழுத்தை எடுத்தேன்.

மருமகளுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருதரம் போனைக் கையில் எடுத்து, "இருங்கப்பா, இது நெஜமாவே வார்த்தைதானான்னு பாத்துருவோம்" என்றாள். அந்த விளையாட்டில் அப்படிச் சரிபார்ப்பது தப்பில்லை, சட்டமே அப்படித்தான். ஆனால் சம்மந்தி கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"வேணாம்." அந்த ஒரு சொல் மட்டும் திக்காமல் வந்தது. "மாமா வச்சதப் போயி... சரி பாக்குறதா? நல்லா இல்லம்மா."

பெண்ணைக் கொடுத்தவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், பையனைப் பெற்றவன் சொன்னதை நாலு பேர் முன்னால் மறுத்துப் பேசமாட்டார். பந்தியில் முதல் இலை எனக்கு. காரில் முன் சீட்டு எனக்கு. அவருடைய மகள் வாழ்கிற வீட்டில் அவர் உட்கார்ந்திருக்கிறார்; என் வார்த்தையைச் சரிபார்த்தால் அது என்னைப் பொய்யன் என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அவர் அதைச் செய்யமாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மரியாதைக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன்.

ஒளிந்துகொண்டவன் சும்மாவும் இருக்கவில்லை. டீக்கடையில் சொன்னேன். உரக்கடையில் சொன்னேன். "அஞ்சாங்கிளாஸ்தான். இங்கிலீஷ் வாத்தியாரையே தெனம் ஜெயிக்கிறேன், தெரியுமா?" என்றேன். கேட்டவர்களும் "உங்களுக்கு மூளை அப்படிங்க" என்றார்கள். மூளைதான்.

தவக்காலம் வந்தது. பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலில் வரிசையில் நின்றேன். டிரைவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியதைச் சொன்னேன். இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததைச் சொன்னேன். "வேற ஏதாவது?" என்றார் சாமியார். "இல்லைங்க சாமி" என்றேன். எழுந்து திரும்பினால், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆளாக நிற்கிறார் சம்மந்தி. எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். பாவம், அவர் என்ன பாவத்தைச் சொல்லியிருக்கப் போகிறார்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு குறைய ஆரம்பித்தது. கை தேறியது, தானே டம்ளரைப் பிடித்து டீ குடித்தார். தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல வந்தது. ஆனால் பேச விரும்பவில்லை. பலகையை விரித்ததும் முகம் வாடிவிடும். வராமலும் இருக்கமாட்டார், நான் கூப்பிட்டு அவர் வராமல் இருப்பது மரியாதை இல்லையே. பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்து, சின்னச் சின்ன வார்த்தையாக வைப்பார். பூனை, நாய், தொப்பி. எல்லாம் ஒன்றாம் வகுப்பு இங்கிலீஷ். குடவாசலிலிருந்து பிள்ளைகளின் அப்பா, அம்மா யாராவது போன் செய்வார்கள். "சார், ஜூன்ல வந்துருவீங்கள்ல?" "பாக்கலாம்" என்பார். அப்புறம் அந்தப் போனையும் மகளிடம் கொடுத்துவிட ஆரம்பித்தார்.

சித்திரை முடிகிற சமயம். ஒரு வண்டியின் பேப்பரில் அன்றைக்கே என் கையெழுத்து வேண்டியிருந்தது. ஆபீஸ் பெண் ஸ்கூட்டியில் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவரை அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. மருமகள் எங்கோ ஒரு பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று போயிருந்தாள். கூடத்தில் நானும் சம்மந்தியும் மட்டும்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"சார்!"

சம்மந்தி நிமிர்ந்தார்.

"சார், நீங்களா? எங்க சார் நீங்க இங்க? என்னைத் தெரியுதா சார்?"

அவர் அவளையே பார்த்தார். முகம் மலர்ந்தது. பெயர் வரவில்லை. விரலை ஆட்டி ஆட்டித் தேடினார். "குடவாசல்... மூணாவது... மூணாவது பெஞ்சு!"

"மூணாவது பெஞ்சேதான் சார்!" அவளுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. "உங்ககிட்டப் படிச்சதாலதான் சார் நான் காலேஜ்ல இங்கிலீஷே எடுத்தேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு கையால் பலகையைக் காட்டினார்.

"எனக்குப் போயிருச்சும்மா. பாரு... சம்மந்தி வைக்கிற வார்த்தை... ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. மூணு மாசமா... ஒண்ணுகூட."

அவள் பலகையைப் பார்த்தாள். புறப்படுவதற்கு முன்னால் அவளே அனுப்பிய வார்த்தை ஓரத்து வரிசையில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பேப்பரை வாங்கி, காட்டிய இடத்துக்கு மேலே எங்கேயோ கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் ஆபீசில் நான் உட்காருவதற்குள் கேட்டாள். "மருமககூடன்னுதானே ஐயா சொன்னீங்க?"

"அவளும்தான் வெளையாடுறா."

"எங்க சாரையா நான் தோக்கடிச்சுக்கிட்டு இருந்தேன்? ஐயா, அந்த வார்த்தையெல்லாம் எனக்கே தெரியாதுங்க. எங்க காலேஜ் மேடத்தக் கேட்டாலும் தெரியாது. யாரும் பேசுறதுல்ல, எழுதுறதுல்ல. இந்த விளையாட்டுக்குன்னே எங்கேருந்தோ பொறுக்கிச் சேத்து வச்சிருக்காங்க. அதப் போயி சார் மறந்துட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காரு."

அதுவரை இது எனக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அப்போதாவது தலையைக் குனிந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேசையைத் தட்டினேன். "உன் வேலையப் பாரு. ஒனக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்று கத்தினேன்.

அவள் பயப்படவில்லை. "நீங்கதான் ஐயா" என்றாள். "வண்டி வேலைக்கு நான் இருக்கேன். வார்த்தை தேடுறதுக்கு மட்டும் வேற ஆளப் பாத்துக்குங்க."

அன்றைக்கும் மறுநாளும் வேலை இருக்கிறது என்று சொல்லி நான் விளையாட உட்காரவில்லை. மூன்றாம் நாள் நாலு மணிக்கு சம்மந்தியே என்னைக் கூப்பிட்டார். மருமகளும் என் மனைவியும் அங்கே இருந்தார்கள். அவர் மடியில் ஒரு தடித்த புத்தகம். பழுப்பு அட்டை போட்டு, முதுகில் துணி ஒட்டியது. அவருடைய அகராதி. வாத்தியார் வேலைக்குச் சேர்ந்த வருடம் வாங்கியது என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். பக்கங்களின் ஓரம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

இரண்டு கையாலும் அதை என்னிடம் நீட்டினார்.

"காலையில... எல்லாருக்கும் போன் பண்ணிட்டேன் சம்மந்தி. வேற சாரப் பாத்துக்கச் சொல்லி. இனிமே இது... உங்களுக்குத்தான் உபயோகம். நீங்க வச்சுக்குங்க."

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியே விட்டேன். கனமாக இருந்தது. என் மனைவி என்னைப் பார்த்துக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில், "அதை எங்க வைக்கப் போறீங்க? மாதா சுரூபத்துக்குப் பக்கத்துலயா?" என்றாள்.

அகராதியைப் பாயில் வைத்தேன். பக்கத்தில் என் போனை வைத்தேன். ஆபீஸ் பெண்ணோடு மூன்று மாதம் நடந்த மெசேஜ் போக்குவரத்து முழுவதையும் திறந்து வைத்தேன்.

"சம்மந்தி, எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது."

அவர் என்னையே பார்த்தார். நான் போனைக் காட்டினேன். "நான் படம் எடுத்து அனுப்புவேன். அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடி அனுப்பும். நான் பாத்து வைப்பேன். அது மேல தப்பில்ல, நான் அதுகிட்டயும் பொய்தான் சொன்னேன். இந்த வார்த்தையெல்லாம் அதுக்கும் தெரியாதாம். யாருக்குமே தெரியாதாம்."

மருமகள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "மாமா" என்றாள். எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை, சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மூக்கை உறிஞ்சுவது கூடம் வரைக்கும் கேட்டது.

சம்மந்தி போனை எடுத்தார். இடது கை விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன்.

"இது... தெரியாது" என்றார். இன்னும் தள்ளினார். "இதுவும் தெரியாது." அகராதியைத் தன் பக்கம் இழுத்தார். எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது, பிசகாமல் திறந்தார். பக்கத்தைக் கீழே வரை பார்த்தார். "இல்ல!" என்றார். அடுத்த வார்த்தை. "இல்ல!" அதற்கடுத்தது. குரல் ஏறிக்கொண்டே போனது. "இல்ல! இது நான்... எப்பவுமே தெரிஞ்சு வச்சுக்கல சம்மந்தி! நான் மறக்கல! எனக்குத் தெரியவே தெரியாது!"

அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. நெற்றியில் வியர்த்திருந்தது. கண்ணில் தண்ணீர் வழிய, சந்தோஷப்பட்டார் அந்த மனிதர். என் மேல் கோபப்பட அவருக்கு நேரமே இல்லை. என் தாத்தா காலத்து வசவுகளையெல்லாம் எடுத்து என்னைத் திட்டியிருந்தால்கூட நான் அவ்வளவு கூனியிருக்கமாட்டேன்.

கடைசியில் அகராதியை மூடிவிட்டுக் கேட்டார். "மொத நாளு... பெல்ட்டு, ஆயிலு?"

"அது நான்தாங்க. அது மட்டும் நான்."

"அது நல்ல ஆட்டம்" என்றார்.

அன்று மாலையே மறுபடி எல்லோருக்கும் போன் செய்யச் சொன்னார். பெரும்பாலானோர் அதற்குள் வேறு இடத்தில் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள்தான் மிஞ்சினார்கள். கூடம் நிறைய உட்கார்ந்து படித்த இடத்தில் மூன்று பேர். ஜூன் பிறந்ததும் என் காரில் நானே அவரைக் குடவாசலில் கொண்டுபோய் விட்டேன். முன் சீட்டில் உட்காரச் சொன்னேன். பழக்கத்தில் பின் கதவைத் திறந்தவர், கொஞ்சம் யோசித்துவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தார். பாயை விரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பாயில் நிறைய இடம் காலியாக இருந்தது.

சாமியாரிடமும் பிறகு போய்ச் சொன்னேன். மூன்று செபம் சொல்லச் சொன்னார். அது சுலபமாக முடிந்துவிட்டது. ஆபீஸ் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க இரண்டு வாரம் ஆனது. "சரிங்க ஐயா" என்றாள், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. டீக்கடையில்தான் இன்னும் சொல்லவில்லை. அங்கே இன்னமும், "இங்கிலீஷ் வாத்தியாரையே ஜெயிச்சவரு" என்று என்னைக் காட்டிப் புது ஆட்களிடம் சொல்கிறார்கள். இதை எழுதுவது அதற்கும் சேர்த்துத்தான். யாராவது படித்துவிட்டு அங்கே போய்ச் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மருமகளும் நானும் குடவாசலுக்குப் போவோம். அவர்தான் போன் செய்து என்னையும் கூட்டிவரச் சொல்கிறார். சாப்பிட்டதும் பலகையை விரிப்பார். என் போனை வாசலிலேயே, காருக்குள் வைத்துவிட்டுத்தான் வருவேன். எனக்குத் தெரிந்தது அதே பட்டறை வார்த்தைகள்தான். போன வாரம் ஆயிலை வைத்தேன். சம்மந்தி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம், "மாமா வச்சத... சரி பாரும்மா" என்றார்.

இப்போதெல்லாம் நான் வைக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் இதுதான். மருமகள் அகராதியை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். அவசரப்படுவதில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள். ஆயில் என்ற வார்த்தை இங்கிலீஷில் இருக்கிறதா இல்லையா என்று அவள் பார்த்து முடிக்கும்வரை நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"இருக்குப்பா" என்கிறாள், தன் அப்பாவிடம்.